அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம்: பீடி சுற்றுவதையும் விட முடியாது, என்ன வழி?

முக்கூடல் மகள்:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 58 வயது. முக்கூடல் பக்கம்தான் ஊர். சின்ன வயசிலிருந்தே பீடி சுற்றுகிறாள். ராத்திரி இலையை நனைத்து வைத்து, காலையில் வெட்டி முடித்து, தார்சாவில் சம்மணம் போட்டு மடியில் சுளகை வைத்து உட்கார்ந்தால் மத்தியானச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பாள். இப்போது எழுந்திருக்கும்போது ஒரு கையைத் தரையில் ஊன்றி, இன்னொரு கையால் சுவரைப் பிடித்து, "முருகா" என்று நின்று, முதல் நாலு அடி நொண்டித்தான் நடக்கிறாள். அப்புறம் கொஞ்சம் சரியாகிவிடும். காலையில் எழுந்ததும் முட்டி விறைத்திருக்கும், பத்து நிமிஷத்தில் விட்டுவிடும். வலது முட்டி லேசாக வீங்கியிருக்கிறது. மடக்கினால் நறநறவென்று சத்தம். சுகர், பிரஷர் இரண்டும் உண்டு.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "மூணாவது ஸ்டேஜ் தேய்மானம். ஜெல் ஊசி போடலாம், இல்லாவிட்டால் மூட்டை மாற்ற வேண்டும்" என்றார்கள். வேறு எதுவும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு மதினி, நடந்தால் இன்னும் தேயும், நடக்கவே கூடாது என்கிறாள். எனக்குத் தெரியாமல் அம்மா மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கித் தினமும் போட்டுக்கொண்டிருக்கிறாள். பீடியை விட்டுவிடு என்றால், "விட்டுட்டு?" என்று கேட்கிறாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆபரேஷன் தவிர வழி இருக்கிறதா?

பாளை பிசியோ:

தங்கச்சி, நான் பாளையில் பிசியோதெரபிஸ்ட். பீடி சுற்றுகிற அம்மாமார், பத்தமடையில் பாய் நெய்கிறவர்கள், நடவுக்குப் போகிறவர்கள் என்று நிறையப் பேர் இதே முட்டி வலியோடு என்னிடம் வருகிறார்கள்.

முதலில் அந்த மூணாவது ஸ்டேஜைக் கண்டு பயப்படாதீர்கள். இரண்டு எலும்புக்கும் நடுவில் இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது, ஓரத்தில் எலும்பு முளைத்திருக்கிறதா என்று படத்தில் பார்த்துப் போடுகிற எண் அது. கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1957-ல் வகுத்த முறை. படத்தில் கடைசி ஸ்டேஜான நாலாவது இருந்தும் சந்தைக்கு நடந்தே போய் வருகிற ஆச்சிகளைப் பார்த்திருக்கிறேன். படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லாமல் வலியில் அழுகிறவர்களும் உண்டு. ஆபரேஷன் வேண்டுமா என்பதைப் படத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. அம்மாவால் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, வலியால் தூக்கம் கெடுகிறதா, மற்ற வைத்தியத்தை ஒழுங்காகச் செய்து பார்த்தாயிற்றா என்பதையெல்லாம் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அந்த மற்ற வைத்தியம் இன்னும் தொடங்கவே இல்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

காலை விறைப்பு பத்து நிமிஷத்தில் விடுகிறது என்றீர்களே, அது தேய்மானத்தின் குணம். அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்து, இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம், அதற்கு வைத்தியமே வேறு. விரல்களையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

நடந்தால் தேயும் என்று மதினி சொல்வது சரியில்லை. தேய்வது எலும்பு முனைகளை மூடியிருக்கிற குருத்தெலும்பு. அதற்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கிற திரவம்தான் அதற்குச் சாப்பாடு. மூட்டு அமுங்கி அமுங்கி விரிந்தால்தான் அந்தச் சாப்பாடு உள்ளே இறங்கும். நடக்காமலே இருந்தால் தொடைத் தசை வற்றிப்போய், அது தாங்க வேண்டிய பாரமும் முட்டி மேல் விழும். அம்மாவின் தொடையைத் தொட்டுப் பாருங்கள், வலது பக்கம் இளைத்துத் தொளதொளவென்று இருக்கும்.

அந்தத் தசையை மீட்பதுதான் வைத்தியத்தில் பெரும்பங்கு. நார்க்கட்டில் தொய்யும், பலகைக் கட்டிலில் காலை நீட்டி உட்காரச் சொல்லுங்கள். ஒரு துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, துண்டை நசுக்குவதுபோல் முட்டியைக் கீழே அழுத்த வேண்டும். ஐந்து எண்ணும்வரை பிடித்து விட வேண்டும். அழுத்தும்போது முட்டிக்கு மேலே தசை கல்லாக இறுகுகிறதா என்று நீங்கள் கை வைத்துப் பாருங்கள். இறுகாவிட்டால் சும்மா காலை ஆட்டுகிறாள் என்று அர்த்தம். அப்புறம் மல்லாந்து படுத்து, நல்ல காலை மடக்கி வைத்துக்கொண்டு, வலிக்கிற காலை மடக்காமல் ஒரு முழத்துக்கும் குறைவாகத் தூக்கி ஐந்து எண்ணும்வரை நிறுத்த வேண்டும். பழகிய பிறகு, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதையும் சேர்க்கலாம். ஒவ்வொன்றும் பத்துத் தடவை, காலையும் மாலையும். செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் வலி கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். ஆறு வாரமாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். பத்து நாளில் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

எடை கூடுதலாக இருந்தால் ஒரு கிலோ குறைந்தாலே ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல் விழும் பாரம் நாலு கிலோ அளவுக்குக் குறையும். சுகருக்கும் அதுதான் நல்லது.

தினமும் வலி மாத்திரை, அதுவும் சுகரும் பிரஷரும் வைத்துக்கொண்டு, கூடவே கூடாது. கிட்னியைக் கெடுக்கும், பிரஷரை ஏற்றும், வயிற்றைப் புண்ணாக்கும். இவ்வளவு நாள் போட்டிருப்பதால், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்துவிடுங்கள். அதற்குப் பதில் டைக்ளோஃபினாக் ஜெல்லை முட்டி மேல் தடவலாம், உடம்புக்குள் போகிற மருந்து மிகக் குறைவு. ஆனாலும் கிரியாட்டினின் முடிவைக் காட்டி டாக்டரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

மூட்டுக்குள் போடுகிற அந்த ஜெல் ஊசிக்குக் கடன் வாங்காதீர்கள். இங்கிலாந்தின் 2022-ம் வருஷ அரசு வழிகாட்டுதலே அது வேண்டாம் என்கிறது. மூட்டுக்கு என்று விற்கிற குளுக்கோசமைன் மாத்திரையும் அப்படித்தான்.

நெல்லை டவுன்:

எங்க ஆச்சிக்கு ஒருத்தர் வேர்ப்பொடிப் பொட்டலம் கொடுத்தார், மூணே நாளில் எழுந்து நடந்தாள். எண்ணெயும் தேய்த்தோம். விலாசம் வேண்டுமானால் கேளுங்கள்.

பாளை பிசியோ:

அண்ணாச்சி, எண்ணெய் தேய்க்கட்டும், வெந்நீர் ஒத்தடமும் கொடுக்கட்டும், இதமாக இருக்கும். பொட்டலம் மட்டும் வேண்டாம். தேய்ந்த மூட்டு மூணு நாளில் சரியாகாது. லேபிள் இல்லாத இந்த மாதிரிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல தடவை பிடிபட்டிருக்கிறது. சுகர்காரர்களுக்கு அது மிகவும் ஆபத்து. ஆச்சி இன்னும் சாப்பிடுகிறார் என்றால் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், பொட்டலத்தோடு டாக்டரிடம் அழைத்துப் போங்கள். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆலங்குளம் அக்கா:

மகளே, நானும் பீடிதான். எனக்கும் இரண்டு முட்டியும் போச்சு என்றுதான் இருந்தேன். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து சுற்றுகிறேன். கை வைத்த நாற்காலி சரிப்படாது, முழங்கை இடிக்கும். கை இல்லாத நாற்காலி வாங்கு. காலுக்கு அடியில் ஒரு சின்ன மணப்பலகையைப் போட்டால் தொடை மட்டமாக இருக்கும், சுளகு சரியாது. இலையையும் நூலையும் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் வைத்துக்கொள்ள வேண்டும், குனிந்து குனிந்து எடுத்தால் இடுப்பு போய்விடும். முதலில் கை ஓடாது, எண்ணிக்கை குறையும். அம்மா எரிச்சல்படுவாள், விட்டுவிடாதே. எனக்குப் பழைய வேகம் வந்துவிட்டது. இரண்டு கட்டு முடிந்ததும் எழுந்து வாசல்வரை போய் வரணும். இலை வெட்டுவதையும் தரையில் வைத்துக்கொள்ளாதே.

கல்லிடை மகன்:

என் அம்மாவுக்கு எல்லாம் செய்து பார்த்தும் வீட்டுக்குள்ளேயே நடக்க முடியாமல் போனதால் மூட்டு மாற்றினோம். இப்போது தேருக்கு வந்து நிற்கிறார்கள். அதனால் ஆபரேஷன் என்றாலே பயப்படவும் வேண்டாம். நூறு பேரில் 80 பேருக்கு மேல் 25 வருஷம் தாங்குகிறது என்று டாக்டர் சொன்னார். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்தோம். வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். காப்பீட்டு அட்டை இல்லை என்றால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் பதியலாம். தேவைப்படாவிட்டாலும் இப்போதே எடுத்து வையுங்கள். இன்னொன்று, சுகர் கட்டுக்குள் வந்தால்தான் ஆபரேஷனுக்குத் தேதி கொடுப்பார்கள். மாற்றிய பிறகு சம்மணமும் குத்தவைப்பதும் வேண்டாம் என்று எங்களிடம் சொன்னார்கள், அதனால் அக்கா சொன்ன நாற்காலி எப்படியும் வேண்டும்.

முக்கூடல் மகள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நாற்காலி வாங்கியாயிற்று, கிரியாட்டினினுக்கு ரத்தம் கொடுத்திருக்கிறோம். பிசியோ அக்கா, கம்பு ஊன்றினால் எந்தக் கையில் பிடிக்க வேண்டும்? கக்கூஸ் எங்கள் வீட்டில் குத்தவைக்கிற மாதிரிதான்.

பாளை பிசியோ:

வலது முட்டி வலித்தால் கம்பு இடது கையில். வலது காலை வைக்கும்போது கம்பும் கூடவே முன்னால் போக வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கக்கூஸை இடிக்க வேண்டாம், நடுவில் ஓட்டை உள்ள கமோடு நாற்காலியை மேலே போட்டுக்கொள்ளலாம். பக்கத்துச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி அடித்துவிடுங்கள். ராத்திரி முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்கினால் எடுத்துவிடுங்கள், முட்டி மடங்கினபடியே நின்றுவிடும். முட்டி திடீரென்று சூடாகிச் சிவந்து, காய்ச்சலும் வந்தால் தேய்மானம் என்று இருந்துவிடாதீர்கள், அன்றைக்கே பாளை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். கிரியாட்டினின் ரிசல்ட் வந்ததும் இங்கே எழுதுங்கள்.