பொக்காராவின் பன்னாட்டு மலை அருங்காட்சியகம்: அரை நாளில் எதைப் பார்ப்பது?

கேள்வி: முக்திநாத் பயணி

அனைவருக்கும் வணக்கம். வரும் ஐப்பசியில் பெற்றோரை அழைத்துக்கொண்டு நேபாளத்திலுள்ள முக்திநாத் தரிசனத்துக்குச் செல்லவிருக்கிறோம். பொக்காராவிலிருந்து, முக்திநாத்துக்குப் போகும் வழியிலுள்ள ஜோம்சோம் என்ற ஊருக்கு விமானங்கள் காலை வேளையில்தான் புறப்படும் என்பதாலும், வானிலை சரியில்லையென்றால் அவை மறுநாளுக்குத் தள்ளிப்போகும் என்பதாலும், பொக்காராவில் கூடுதலாக ஒரு நாளை ஒதுக்கி வைத்திருக்கிறோம். அந்த நாளில் பாதியை அங்குள்ள பன்னாட்டு மலை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மலையேற்றம் பற்றிக் கையில் கிடைப்பதையெல்லாம் படிப்பவள். யார் எந்தச் சிகரத்தில் எப்போது ஏறினார் என்ற பட்டியலில் எனக்கு அவ்வளவாக நாட்டமில்லை. அந்த மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று அறியவே ஆவல். அப்பாவுக்கோ சாளக்கிராமத்தைத் தவிர வேறு எதிலும் மனம் செல்லாது. மூவருக்கும் பொருந்தும் வகையில் அங்கே எதை நிதானமாகப் பார்க்க வேண்டும், எதை விரைவாகக் கடந்துவிடலாம் என்று பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். முக்திநாத்துக்குப் போகும் முன் பார்ப்பது நல்லதா, திரும்பி வந்தபின் பார்ப்பது நல்லதா என்பதையும் சொல்லுங்கள்.

மறுமொழி 1: குறிஞ்சிநிலம்

கட்டாயம் செல்லுங்கள். நேபாள மலையேற்றச் சங்கத்தின் பொறுப்பில் உள்ள இந்த அருங்காட்சியகம் 2004ஆம் ஆண்டு முதல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. நகரின் தென்பகுதியில் ராதோபஹிரோ என்ற இடத்தில் உள்ளது. 'விமான நிலையத்துக்கு அருகில்' என்று பழைய வழிகாட்டி நூல்களில் எழுதியிருப்பதை நம்பி வண்டிக்காரரிடம் சொல்லாதீர்கள். அது பழைய விமான நிலையம். 2023 ஜனவரியில் திறக்கப்பட்ட புதிய பன்னாட்டு விமான நிலையம் நகரின் கிழக்கே இருக்கிறது.

உள்ளே இமயமலைக்கு ஒரு கூடம், மலையேறிப் புகழ்பெற்றவர்களுக்கு ஒரு கூடம், உலகின் பிற மலைகளுக்கு ஒரு கூடம் என மூன்று பெரிய பிரிவுகள் உள்ளன. நீங்கள் தேடுவது மலைவாழ் மக்களைப் பற்றிய பகுதி. ஷெர்பா, குருங், தகாலி முதலான சமூகங்களின் உடைகள், அணிகலன்கள், வீட்டுப் புழங்குபொருட்கள், படங்கள் ஆகியவற்றை அங்கே காணலாம். மலையேற்றக் கருவிகளைப் பார்க்கும் ஆவலில் பெரும்பாலானோர் இந்தப் பகுதியைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறார்கள். இங்கே நின்று பார்த்துவிட்டுச் சென்றால்தான் மலையேற்றக் கூடம் முழுமையாக விளங்கும் என்பது என் உறுதியான கருத்து.

காரணத்தை ஓர் எடுத்துக்காட்டுடன் சொல்கிறேன். நேபாள மலைப்பாதைகளில் சுமை தூக்குபவர்கள் 'டோகோ' எனப்படும் மூங்கில் கூடையை முதுகில் வைத்து, அதன் அடியைச் சுற்றிவரும் பட்டையை நெற்றிக்கு மேலே, உச்சந்தலையின் முன்பகுதியில் கொடுத்துத் தாங்குவார்கள். அந்தப் பட்டைக்கு 'நாம்லோ' என்று பெயர். எடை தோளில் இறங்காமல் கழுத்து, முதுகெலும்பு வழியாக நேரே காலுக்கு இறங்குகிறது. கையில் 'தோக்மா' என்ற குட்டையான, தலைப்பகுதி குறுக்காக அமைந்த கோல் இருக்கும். மூச்சு வாங்கும்போது கூடையைத் தரையில் இறக்குவதில்லை. இறக்கினால் மீண்டும் தூக்குவது பெரும்பாடு. கோலைக் கூடையின் அடியில் முட்டுக்கொடுத்து, நின்றபடியே சற்று இளைப்பாறிவிட்டு நடக்கத் தொடங்கிவிடுவார்கள்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அன்னபூர்ணா பற்றிய காட்சிகளுக்கு வாருங்கள். 1950 ஜூன் 3 அன்று மோரிஸ் எர்ஸோக், லூயி லாஷனால் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் 8,091 மீட்டர் உயரமுள்ள அச்சிகரத்தை அடைந்தார்கள். எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரம் ஒன்றில் மனிதர் ஏறியது அதுவே முதல் முறை. ஆனால் இருவருக்கும் பனிக்கடியால் கால்கள் கருகிவிட்டன. எர்ஸோக்குக்குக் கைவிரல்களும் போயின. குழுவின் மருத்துவர் வழியிலேயே விரல்களை வெட்டியெடுக்க, நடக்க முடியாத இருவரையும் ஷெர்பாக்களும் சுமைதூக்கிகளும் கொட்டும் பருவமழையில் வாரக்கணக்கில் முதுகில் சுமந்து இறக்கினார்கள். ஏறியது இருவரின் வெற்றியாக எழுதப்பட்டிருக்கிறது. அவர்கள் உயிரோடு ஊர் திரும்பியது அந்த முதுகுகளால்.

உங்கள் மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். உலகில் எட்டாயிரம் மீட்டரைத் தாண்டும் 14 சிகரங்களில் 8 நேபாளத்திலோ அதன் எல்லையிலோ உள்ளன. அந்த எட்டிலும் முதன்முதலில் உச்சியை அடைந்தவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டு, எத்தனை இடங்களில் ஷெர்பாவின் பெயர் வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். எவரெஸ்டில் 1953இல் எட்மண்ட் ஹிலாரியுடன் டென்சிங் நோர்கே, சோ ஓயுவில் 1954இல் பாசங் தாவா லாமா, மனாஸ்லுவில் 1956இல் இமானிஷியுடன் கியால்சென் நோர்பு, தௌலகிரியில் 1960இல் நிமா தோர்ஜே, நவாங் தோர்ஜே என நான்கு மலைகளில் அவர்கள் முதல் குழுவிலேயே இருந்திருக்கிறார்கள். மற்ற நான்கிலும் முகாம்களுக்குச் சுமை கொண்டு சேர்த்தவர்கள் அவர்கள்தாம். பாடநூலில் டென்சிங்கின் பெயரை மட்டும் படித்து வளரும் பிள்ளைகளுக்கு இந்தப் பட்டியல் மிகவும் தேவை.

மறுமொழி 2: பாறையும் படிவமும்

நான் புவியியல் கற்பிப்பவள். குறிஞ்சிநிலம் சொன்னவற்றை ஏற்கிறேன். உங்கள் அப்பாவுக்கான பகுதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அருங்காட்சியகத்தில் இமயம் உருவான விதத்தையும் பாறை வகைகளையும் விளக்கும் பகுதி உண்டு. அவரை அங்கே கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். இந்திய நிலத்தட்டு வடக்கு நோக்கி நகர்ந்து ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசிய நிலப்பரப்பில் மோதியது. அவ்விரண்டுக்கும் இடையே இருந்த தெத்திஸ் கடலின் அடிமண் மடிந்து உயர்ந்து மலையாகியது. எவரெஸ்டின் உச்சியே கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறைதான். அதற்குள் கடல்வாழ் உயிர்களின் எச்சங்கள் உள்ளன.

முக்திநாத்துக்குப் போகும் வழியிலுள்ள காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமங்கள் அந்தக் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்ற ஓட்டுயிரின் தொல்லெச்சங்கள். கரிய களிமண் உருண்டைக்குள் சிக்கிய ஓடு பல கோடி ஆண்டுகளில் கல்லாகிவிடுகிறது; மலை அரிபட்டு அது ஆற்றில் விழுந்து உருண்டு வழவழப்பாகிறது. உடைந்த சாளக்கிராமத்துக்குள் தெரியும் சுருளில், நடுவிலிருந்து வெளிப்புறமாக வரிவரியாகச் செல்லும் மேடுகளை உற்றுப் பாருங்கள்; அவை அந்த உயிரின் ஓட்டிலிருந்த வரிகள். பக்தர்கள் சக்கரமாகக் கண்டு வணங்குவது இதைத்தான். ஆழ்வார்கள் மங்களாசாசனம் செய்த தலத்துக்குப் போகும் வழியில், வழிபடும் கல்லின் வயதையும் அறிந்துகொண்டு போவது பக்திக்கு எவ்வகையிலும் குறைவன்று என்றே நான் நினைக்கிறேன். என் தந்தையார் அதைக் கேட்டு நெகிழ்ந்தாரே தவிர வருந்தவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொக்காரா நகரம் நிற்கும் தரையே அன்னபூர்ணாவிலிருந்து வந்தது. 12 முதல் 14ஆம் நூற்றாண்டு வரை ஏற்பட்ட பெரும் நிலநடுக்கங்களின்போது உயர்மலையிலிருந்து பாறையும் சேறும் பெருமளவில் சரிந்து சேதி ஆற்றின் வழியே இறங்கிப் பள்ளத்தாக்கை நிரப்பின. பேவா ஏரியும் அந்தப் படிவுகள் கிளைநீரோட்டத்தை மறித்ததால் தேங்கியது. நகருக்குள் சேதி ஆறு குறுகிய ஆழமான பிளவாக ஓடுவதைப் பாலத்தின் மேல் நின்று பார்த்தால் இது தெளிவாகப் புரியும். 2012 மே 5 அன்று அதே ஆற்றில் திடீரென வந்த வெள்ளம் எழுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மலை தன் வேலையை இன்னும் நிறுத்தவில்லை. எனவே, முக்திநாத்துக்குப் போகும் முன்பே அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுங்கள். கண்டகிக் கரையில் நிற்கும்போது காலடியில் கிடப்பது என்னவென்று தெரிந்திருக்கும்.

மறுமொழி 3: நெடுநடை

இருவரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வரிசையில் நான் மாறுபடுகிறேன். நீங்கள் விரும்புவது மக்களின் வாழ்க்கை என்றால், முதலில் மக்களைப் பாருங்கள். அருங்காட்சியகத்தைத் திரும்பி வந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்குள் இருக்கும் உடை அதை உடுத்துபவரைப் பார்த்தபிறகுதான் உயிர் பெறும்.

திரும்பும்போது விமானத்தை விட்டுவிட்டு ஜோம்சோமிலிருந்து தரைவழியாக வர முடியுமானால் (பெற்றோரின் உடல்நிலை இடங்கொடுத்தால் மட்டும், பாதை கரடுமுரடானது) மார்பாவிலும் துகுச்சேயிலும் சற்று இறங்கிப் பாருங்கள். துகுச்சே தகாலி வணிகர்களின் ஊர். திபெத்திலிருந்து வந்த உப்பும் தெற்கிலிருந்து போன தானியமும் கைமாறிய பாதை அது. காற்று பலமாக வீசும் பள்ளத்தாக்கு என்பதால் வீடுகள் நடுமுற்றத்தைச் சூழ்ந்து, தட்டையான கூரையுடன், ஒன்றோடொன்று ஒட்டியே கட்டப்பட்டிருக்கும். கூரையின் ஓரத்தில் விறகை அடுக்கியிருப்பார்கள். அன்னபூர்ணாவைத் தேடிய 1950ஆம் ஆண்டு பிரெஞ்சுக் குழு தங்கியிருந்ததும் துகுச்சேயில்தான். இவற்றைக் கண்டபின் தகாலிகளைப் பற்றிய காட்சியின் முன் நின்றால் உங்களுக்குக் கேள்விகள் எழும். அதற்கு முன் அது படமாக மட்டுமே தெரியும்.

உங்கள் மகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெருமைக்குரியவை எவ்வளவு இருந்தாலும், எவரெஸ்டிலிருந்து இறக்கிக் கொண்டுவந்த குப்பைகளையும் அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்டின் கும்பு பனியாற்றில் சரிந்த பனிக்கட்டியில் இறந்த 16 பேரும் நேபாளத் தொழிலாளர்கள். பிறர் ஏறுவதற்குப் பாதை அமைத்துச் சுமை கொண்டுசெல்லும் பணியில் இருந்தவர்கள். 2021 ஜனவரி 16 அன்று கே2 சிகரத்தைக் குளிர்காலத்தில் முதன்முதலாக அடைந்த பத்துப் பேரும் நேபாளிகள். உச்சிக்குச் சற்று முன்பு நின்று, அனைவரும் சேர்ந்த பிறகு ஒன்றாக நடந்து ஏறினார்கள். பல்லாண்டுகள் பிறருக்காக ஏறிய சமூகம் தனக்காக ஏறிய நாள் அது.

வெளியே வளாகத்தில் மனாஸ்லுவின் மாதிரி மலையும் ஏறுபயிற்சிச் சுவரும் உள்ளன. வானம் தெளிந்திருந்தால் வளாகத்திலிருந்தே தௌலகிரி, அன்னபூர்ணா, மனாஸ்லு ஆகிய மூன்று மலைத்தொடர்களும் தெரியும். காலையில் போவது நல்லது. பிற்பகலில் மேகம் ஏறிவிடும்.

முக்திநாத் பயணி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் மறுமொழிகளை வீட்டில் உரக்கப் படித்தோம். அப்பாவுக்காகப் போகும் முன்பே ஒரு முறை செல்வதென்றும், திரும்பும்போது நேரம் இருந்தால் மக்கள் பகுதியை மட்டும் மீண்டும் பார்ப்பதென்றும் முடிவு செய்திருக்கிறோம். மகளின் கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. பொக்காராவிலிருந்து மீன்வால் போலத் தெரியும் மச்சாபுச்சாரே எட்டாயிரம் மீட்டர்கூட இல்லையே, பிறகு ஏன் ஏறியவர்கள் பட்டியலில் அது வரவில்லை என்று கேட்கிறாள்.

மறுமொழி 4: குறிஞ்சிநிலம்

நல்ல கேள்வி. மச்சாபுச்சாரேயின் உயரம் 6,993 மீட்டர். 1957இல் ஜிம்மி ராபர்ட்ஸ் தலைமையில் வந்த பிரிட்டிஷ் குழுவின் வில்பிரிட் நாய்ஸ், டேவிட் காக்ஸ் இருவரும் உச்சிக்குச் சுமார் 45 மீட்டர் கீழே வரை சென்று, உச்சியில் கால் வைக்காமலேயே திரும்பிவிட்டார்கள். குருங் மக்களுக்கு அது புனிதமான மலை. அதன்பின் அதில் ஏற நேபாள அரசு அனுமதி வழங்குவதில்லை.

உச்சியில் யாரும் கொடி நடவில்லை என்பதற்காக அந்த மலையை விட்டுவிடாமல், எட்டுச் சிகரங்களின் பட்டியலுக்குக் கீழே அதையும் உங்கள் மகள் தன் குறிப்பேட்டில் சேர்த்துக்கொள்ளட்டும். குறிப்பேடு நிறைந்ததும் இங்கே பகிரச் சொல்லுங்கள்; படிக்கக் காத்திருக்கிறேன்.