லண்டன் ஃபேஷன் வீக்கில் முடி அலங்கார உதவியாளர் வேலை: ஆறு ஆண்டு சலூன் அனுபவம் போதுமா?

ஹாரோ_கத்தரி:

அனைவருக்கும் வணக்கம். ஹாரோவில் ஒரு சலூனில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். முடி வெட்டுவதும் சாயம் போடுவதும் அன்றாட வேலை. கல்யாணக் காலத்தில் ஒரே சனிக்கிழமையில் நான்கைந்து மணப்பெண் கொண்டைகளும் போட்டிருக்கிறேன். வருகிற செப்டம்பரில் லண்டன் ஃபேஷன் வீக்கில் ஒரு காட்சிக்கு, மேடைக்குப் பின்னால் இயங்கும் முடி அலங்காரக் குழுவில் ஒரு நாள் உதவியாளராக வர முடியுமா என்று, முன்பு என்னோடு வேலை பார்த்த ஒருவர் கேட்டிருக்கிறார். காட்சி காலை பத்து மணிக்கு; எங்களை ஆறு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள். ஊதியம் இல்லை, வழிச்செலவும் சாப்பாடும் மட்டும் உண்டு. ஒரு சனிக்கிழமை வருமானத்தை விட்டுவிட்டுப் போகத் தகுமா, போவதானால் எதைப் பழகிக்கொண்டு போக வேண்டும், பெட்டியில் என்ன இருக்க வேண்டும் என்பதை இந்த வேலையைச் செய்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வகிடு:

ஒன்பது பருவங்கள் உதவியாளராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் கொண்டை அனுபவம் கைக்கு உதவும், மனத்துக்கு உதவாது. மணப்பெண்ணுக்கு அவளுடைய முகத்தைப் பார்த்து நீங்கள் முடிவெடுக்கிறீர்கள். இங்கே எல்லா முடிவுகளும் நீங்கள் வருவதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடும். காட்சிக்கு ஓரிரு நாள் முன்னதாகத் தலைமை ஸ்டைலிஸ்டும் வடிவமைப்பாளரும் ஒரு மாடலின் தலையில் பல வடிவங்களைச் சோதித்துப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்து படம் எடுத்து வைத்திருப்பார்கள். காலையில் அதை ஒரு முறை குழுவுக்குச் செய்து காட்டுவார்கள். அதன் பிறகு முப்பது தலைகள் வந்தாலும் முப்பதும் அந்தப் படத்தைப் போலவே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் முதல் காட்சியில், இடப் புருவத்தின் வளைவுக்கு நேர் மேலே வகிடு தொடங்கி உச்சி வரை கோடு போட்டதுபோல் போக வேண்டும் என்றார்கள். எனக்கு வந்த பெண்ணுக்கு முன் நெற்றியில் ஒரு சுழி இருந்தது. அது முடியைத் தள்ளியதால், வகிட்டை ஒரு விரல் அகலம் நடுப்பக்கமாக நகர்த்தி, அதுவே அவளுக்கு அழகாக இருப்பதாகவும் நினைத்துக்கொண்டேன். தலைமை ஸ்டைலிஸ்ட் வந்து பார்த்தார். ஒரு வார்த்தையும் பேசாமல் வேரில் தண்ணீர் தெளித்து, கூரிய நீண்ட பிடியுள்ள வால்சீப்பால் புதிய வகிடு எடுத்து, சுழி இருந்த இடத்தில் டிரையரை வைத்துக்கொண்டே முடியை முதலில் வலமும் பிறகு இடமுமாக மாற்றி மாற்றி வாரிப் படிய வைத்தார். நான் இருபது நிமிடம் செய்த வேலையை மூன்று நிமிடத்தில் திருத்திவிட்டுப் போனார். சலூனில் அந்தப் பெண்ணின் அழகு கணக்கில் வரும். மேடையில் அவளுக்கு முன்னும் பின்னும் நடப்பவர்களின் வகிடுதான் கணக்கு.

நேரம் இன்னொரு சிக்கல். ஆறு மணிக்கு வரச் சொன்னாலும், முந்தைய காட்சியில் மாட்டிக்கொண்ட மாடல்கள் அரைமணி நேரம் மிச்சமிருக்கும்போது தலை நிறைய ஜெல்லும் ஸ்பிரேயுமாக ஓடி வருவார்கள். தலை கழுவும் தொட்டி இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். தண்ணீரும் கண்டிஷனரும் தெளித்து, துண்டால் ஒற்றி, நுனியிலிருந்து வேரை நோக்கிச் சிக்கெடுத்து, டிரையரால் உலர்த்தப் பழகுங்கள். ஒரே தலையில் மூன்று பேர் வேலை செய்வதும், அதே வேளையில் ஒருவர் முகத்துக்கும் இன்னொருவர் நகத்துக்கும் வண்ணம் பூசுவதும் அங்கே வழக்கம்; முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு வேலை செய்யத் தெரிய வேண்டும்.

பெட்டியைப் பற்றிக் கேட்டீர்கள். வால்சீப்பு, பன்றிமயிர்த் தூரிகை, பல அளவு ஹேர்பின், முடி நிறத்துக்கேற்ற ரப்பர், பிரிவுக் கிளிப், இரண்டு அளவுச் சுருட்டுக் கருவி, டிரையருக்குக் குறுகிய மூக்கும், காற்றைப் பரப்பிவிடும் டிஃப்யூசரும் வேண்டும். ஊசி நூலையும் மறக்க வேண்டாம், செயற்கை முடியைத் தைத்துப் பொருத்த உதவும். கிளிப்பை நேரடியாக முடியில் போட்டால் முடியில் மடிப்புத் தடம் விழும், இடையில் டிஷ்யூ காகிதம் வையுங்கள். கறுப்பு உடை, வசதியான செருப்பு. ஒரே பலகையில் பத்து டிரையர்களைச் செருகி மின்சாரம் போன காட்சியை இரண்டு முறை பார்த்துவிட்டேன், அதனால் எந்தப் பலகையில் யார் செருகியிருக்கிறார்கள் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுருள்:

வகிடு அண்ணன் சொன்னதில் ஒன்று விடுபட்டுவிட்டது. மேடையேறும் எல்லோருக்கும் வழவழப்பான நீள முடி இருப்பதில்லை. 2019-இல் பாரிஸ் காட்சிகளின்போது ஒலிவியா அனக்வே என்ற மாடல், முடிக்குழுவில் யாருக்குமே ஆப்பிரிக்க முடியைக் கையாளத் தெரியவில்லை என்றும், கடைசியில் நகக் குழுவைச் சேர்ந்த ஒருவரே பின்னிக் கொடுத்தார் என்றும் இன்ஸ்டாகிராமில் எழுதியதைப் பலர் படித்திருப்பீர்கள். பிரிட்டனில் 2021-இல்தான் முடி அலங்காரத் தொழிலுக்கான தேசியத் தரநிலைகள், எல்லா வகை முடியையும் கையாளத் தெரிய வேண்டும் என்ற விதத்தில் திருத்தப்பட்டன. அதற்கு முன் படித்தவர்களில் பெரும்பாலானோருக்கு, நான் உட்பட, கல்லூரியில் ஆப்பிரிக்கச் சுருள்முடியைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பே வரவில்லை.

நமக்குச் சடை பின்னத் தெரியும் என்ற தைரியத்தில் போகாதீர்கள். பள்ளிச் சடை தலையிலிருந்து தொங்கும் முடியில் போடுவது. கார்ன்ரோ என்ற ஆப்பிரிக்கப் பின்னல் தலையோடு ஒட்டிக்கொண்டே போக வேண்டும், ஒவ்வொரு பின்னலுக்கும் அடியிலிருந்து கொஞ்சம் முடியை எடுத்துச் சேர்க்க வேண்டும். இழுப்பு ஒரே அளவாக இருக்க வேண்டும். நெற்றியோர மென்முடியை இறுக்கி இழுத்தால் அது அறுந்துவிடும், திரும்ப வளர மாதக்கணக்காகும். காய்ந்த சுருள்முடியில் தூரிகையைப் போடுவது மிகப் பெரிய தவறு. லண்டனில் ஈஸ்ட் ஹாமிலும் பெக்கமிலும் பின்னலுக்கென்றே கடைகள் உண்டு; அவற்றில் ஒன்றில் நான்கு ஞாயிறுகள் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு எனக்கு அழைப்புகள் கூடின.

கணக்குப்பிள்ளை:

ஊதியத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. தலைமை ஸ்டைலிஸ்டுக்கு முடிப் பொருள் நிறுவனங்களின் ஆதரவு கிடைப்பதுண்டு, விளம்பரத்தில் பெயரும் வரும். பின்வரிசையில் நிற்பவருக்கு ஒரு சாண்ட்விச். நானும் இரண்டு ஆண்டுகள் இப்படி ஓடினேன். ‘அடுத்த முறை சம்பளம்’ என்று சொன்ன குழு, அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிட்டது. இலவசமாகப் போனதால் மேலே வந்தவர்கள் இல்லை என்று சொல்லமாட்டேன். 1990-இல் இளவரசி டயானாவின் முடியைக் குட்டையாக வெட்டிய சாம் மெக்னைட்டிடம் நெடுங்காலம் உதவியாளராக இருந்த சிண்டியா ஹார்வி, இன்று தானே குழு நடத்துகிறார். ஆனால் அவர் ஒருவரிடம் நிலையாக இருந்து கற்றார், ஒவ்வொரு காட்சிக்கும் ஒவ்வொருவர் பின்னால் அலையவில்லை. ஒரு நாள் போய்ப் பாருங்கள். இரண்டாவது முறை கூப்பிட்டால், போகுமுன் தொகையைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹாரோ_கத்தரி:

மூவருக்கும் மிக்க நன்றி. ஒரு முறை போவதென்று முடிவு செய்துவிட்டேன், சலூனிலும் விடுப்புச் சொல்லிவிட்டேன். நேற்றிரவு தங்கையை உட்காரவைத்து, புருவ வளைவிலிருந்து வகிடு எடுத்துப் பார்த்தேன்; நான்காவது முறைதான் நேராக வந்தது, அதுவும் பதினைந்து நிமிடத்தில். அவளுக்கும் முன் நெற்றியில் சுழி உண்டு.

வகிடு:

பதினைந்து நிமிடம் அதிகம். ஐந்துக்குக் கொண்டு வாருங்கள்; சுழி உள்ள தங்கை கிடைத்தது உங்கள் அதிர்ஷ்டம்.