1,200 ரூபாய் பாக்கிக்கு 1,271 ரூபாய் வட்டியா? ஸ்டேட்மென்ட் புரியவில்லை, உதவுங்கள்

ஈரோட்டுக்காரன்:
வணக்கம். மூன்று வருடமாக கிரெடிட் கார்டு வைத்திருக்கிறேன், ஒரு மாதமும் பாக்கி வைத்ததில்லை. மே 12 ஸ்டேட்மென்டில் கட்ட வேண்டிய மொத்தத் தொகை 41,200 ரூபாய், கடைசி நாள் ஜூன் 1. அதில் ஏப்ரல் 20 அன்று ஆன்லைனில் வாங்கிய 1,200 ரூபாய் செருப்பும் உண்டு. அளவு சேரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அந்தப் பணம் எப்படியும் வரும் என்று அதைக் கழித்துக்கொண்டு மே 31 அன்று 40,000 மட்டும் கட்டினேன்.

ஜூன் 12 ஸ்டேட்மென்டைத் திறந்தால் வட்டி 1,077.61, அதற்கு ஜிஎஸ்டி 193.97. இரண்டும் சேர்ந்து 1,271 ரூபாய் 58 காசு! இந்த மாதம் வாங்கியது இரண்டே பொருள்தான்: மே 15 வாஷிங் மெஷின் 28,500, மே 25 மளிகை 3,200. கஸ்டமர் கேரில் கேட்டால் "சிஸ்டம் போட்டது, சரியாகத்தான் இருக்கும் சார்" என்கிறார்கள். எங்கே தப்பு செய்தேன்?

கணக்குப்பிள்ளை மகள்:
தம்பி, இது 1,200க்கு மட்டும் போட்ட வட்டி இல்லை. போன மாத பில்லில் பாக்கி இருந்தால் வட்டியில்லாக் காலம் நின்றுவிடும். புதிதாக வாங்கியதற்கெல்லாம் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். உங்கள் கார்டில் மாதம் 3.5 சதவீதம், அதாவது வருடத்துக்கு 42 சதவீதம் என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். வாஷிங் மெஷினுக்கு ஒரு நாள் வட்டி 32.80, ஜூன் 12 வரை 29 நாளுக்கு 951 ரூபாய். மளிகைக்கு 19 நாளுக்கு 70 ரூபாய். மிச்சம் ஐம்பத்தாறு ரூபாய்ச் சொச்சம்தான் அந்த 1,200க்கு. வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. கணக்கு காசு சுத்தமாகப் பொருந்துகிறது.

ஈரோட்டுக்காரன்:
அக்கா, 32.80 என்று பார்த்ததும்தான் விளங்கியது. வாஷிங் மெஷின் அம்மாவுக்கு வாங்கியது, அதற்கு வட்டி ஓடும் என்று நினைக்கவே இல்லை. அப்போ கட்டித்தான் ஆக வேண்டுமா?

பழைய கேஷியர்:
கொஞ்சம் பொறுங்கள். 26 வருடம் வங்கியில் இருந்தவன், ஒன்று கேட்கிறேன். அந்தச் செருப்புப் பணம் கார்டில் எந்தத் தேதியில் வரவானது? கடையின் மெயிலைப் பார்க்காதீர்கள். ஜூன் ஸ்டேட்மென்டில் தொகைக்குப் பக்கத்தில் 'சிஆர்', அதாவது வரவு, என்று இருக்கும் வரிகளைப் பாருங்கள். முழுக் கேள்வியும் அந்தத் தேதியில்தான் இருக்கிறது.

ஈரோட்டுக்காரன்:
பார்த்தேன் சார். சிஆர் போட்ட வரி இரண்டு இருக்கிறது. மே 31, 40,000. அதற்கு மேல் வரியில் மே 30, 1,200, கடைப் பெயருடன். நான் கட்டியதை மட்டும் பார்த்துவிட்டு இதைக் கவனிக்கவில்லை.

பழைய கேஷியர்:
அப்படியானால் கட்ட வேண்டியதில்லை! ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகளில் இது தெளிவாக இருக்கிறது: நீங்கள் இன்னும் பணம் கட்டாத பொருளுக்கு ரீஃபண்ட் கடைசி நாளுக்குள் வந்தால், வங்கி அதை உடனே கட்ட வேண்டிய தொகையில் கழித்து, உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். மே 30 அன்று 1,200, மறுநாள் 40,000. ஜூன் 1க்கு முன்பே 41,200ம் தீர்ந்துவிட்டது. ஜூன் 2 அன்று வந்திருந்தால் நானும் கட்டச் சொல்லியிருப்பேன்.

போனில் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். வங்கிக்கு மெயில் போட்டு இரண்டு ஸ்டேட்மென்டையும் இணையுங்கள், அந்த இரண்டு வரிகளின் தேதியைக் குறிப்பிடுங்கள், புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் சரியில்லை என்றாலோ வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் இணையத்திலேயே புகார் தரலாம், கட்டணம் கிடையாது. விவரம் வேண்டுமென்றால் 14448 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். ஆனால் அதுவரை இந்த மாத பில்லை முழுசாகக் கட்டிவிடுங்கள். வட்டித் தொகையை நிறுத்தி வைத்தால் அதுவே புதிய பாக்கியாகி, அடுத்த மாதமும் இதே கதை.

மதுரை வாசகி:
இடையில் ஒரு சந்தேகம். நான் குறைந்தபட்சத் தொகையை மட்டும் தேதி தவறாமல் கட்டுகிறேன். எனக்கும் இப்படி வருமா?

கணக்குப்பிள்ளை மகள்:
கண்டிப்பாக வரும் அம்மா. அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் மட்டும்தான் தப்பும். மீதிக்கும் புதிதாக வாங்குவதற்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முடிந்தால் பாக்கி தீரும்வரை அந்தக் கார்டைத் தேய்க்காதீர்கள். புதிதாக வாங்குவதைப் பணமாகக் கொடுங்கள்.

ஈரோட்டுக்காரன்:
நன்றி மறக்காமல் எழுதுகிறேன். மெயில் போட்ட ஒன்பதாம் நாள் பதில் வந்தது, ரீஃபண்டைச் சேர்க்காமல் கணக்கிட்டதாக ஒப்புக்கொண்டார்கள். இன்று ஜூலை 12 ஸ்டேட்மென்ட் வந்தது. வட்டி 1,077.61 சிஆர், ஜிஎஸ்டி 193.97 சிஆர். கேஷியர் சார், அந்த ஒரு தேதியை நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் நான் பேசாமல் விட்டிருப்பேன். இந்த முறை சிஆர் வரிகளை அம்மாவும் நானும் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.