ஆர்எக்ஸ் 100 கார்புரேட்டர் ரப்பர் எங்க கிடைக்கும்?

குன்னூர்க்காரன்:
அப்பாவோட பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்ங்க. பெட்ரோலையும் காத்தையும் கலந்து குடுக்குற கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல வர்ற மேனிஃபோல்ட் ரப்பர் வெடிச்சுப் போச்சு, ஐடிலிங் (வண்டி நிக்கறப்ப இன்ஜின் ஓடுற வேகம்) ஏறினா இறங்கவே மாட்டேங்குது, கார்புரேட்டர் அடில பெட்ரோல் நிக்கிற பவுல்லயும் பெட்ரோல் கசியுது. ஊட்டி, குன்னூர் ரெண்டு ஊர்லயும் டூப்ளிகேட் தான் இருக்கு. நல்ல ரப்பர் எங்கண்ணா கிடைக்கும்?

கோத்தகிரி டூஸ்ட்ரோக்:
தம்பி, மாத்துற வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க. வெடிப்பு வழியா காத்து உள்ள போனா மிக்சர் லீன் ஆயிடும், அதாவது காத்து கூடி பெட்ரோல் குறைஞ்சிடும். மலை மேல காத்து லேசுங்கறதால மிக்சர் கொஞ்சம் ரிச்சா, பெட்ரோல் தூக்கலா தான் ஓடும், அதனால லீக் பெருசா தெரியாது, அதே வண்டிய மேட்டுப்பாளையம் இறக்கி சமவெளில விரட்டினீங்கன்னா இன்ஜின் சூடாகி பிஸ்டன் பிடிச்சுக்கும். கோயம்புத்தூர் உக்கடம் பக்கம் பழைய ஸ்பேர்ஸ் கடைங்கள்ல கேளுங்க. வாங்குறப்ப ரப்பர மடக்கிப் பாருங்க, மயிர்க்கோடு மாதிரி கீறல் தெரிஞ்சா வேண்டாம்னு வெச்சிட்டு வந்துடுங்க, கடைல சும்மா கெடந்தாலே ரப்பர் இறுகிடும்.

எஸ்டி பிரியன்:
பவுல் சீலுக்கு வைட்டான்னு பெட்ரோல், எத்தனால் தாங்குற ரப்பர் இருக்கு, அத கேளுங்க. இப்ப பெட்ரோல்ல 20% வரைக்கும் எத்தனால் வருது, பழைய ரப்பர் அதுல ஊறிப் பெருத்துடும். ஓ-ரிங் (வளையம் மாதிரி இருக்கிற சீல்) எதுவா இருந்தாலும் ஊறினத அளந்து வாங்காதீங்க, அது உக்கார்ற பள்ளத்த அளந்துட்டுப் போங்க, ஹைட்ராலிக் சீல் விக்கிற கடைல கிடைக்கும்.

குன்னூர்க்காரன்:
ரொம்ப நன்றிண்ணா. அதுவரைக்கும் சிலிகான் பேஸ்ட் தடவலாமா?

கோத்தகிரி டூஸ்ட்ரோக்:
வேணாம் தம்பி. பெட்ரோல் பட்டா அது பிஞ்சு, கார்புரேட்டருக்குள்ள பெட்ரோல் போற சின்ன ஓட்டையான ஜெட்டுல போய் அடைச்சுக்கும்.