"என்ன அண்ணாச்சி, வண்டி நின்னுட்டா?"

அம்பாசிடர், பாளையங்கோட்டை

நம் பழைய கார் கிளப்பின் டிசம்பர் கடைசி ஞாயிறு சந்திப்பு நல்லபடியாக முடிந்தது. மொத்தம் 14 வண்டி. காலையில் வண்ணார்பேட்டையில் கூடி, சுலோச்சன முதலியார் பாலம் வழியாக டவுனுக்குள் ஒரு சுற்று, அப்புறம் சேரன்மகாதேவிப் பக்கம் தோப்பில் சாப்பாடு. பாலத்தில் போகும்போது பின்னால் வந்த மினி பஸ் ஹாரன் அடித்தே காதைத் தீர்த்துவிட்டது. 1843-இல் கட்டிய பாலம். அதன்மேல் ஏறினால்தான் நம் வண்டிகளெல்லாம் புது வண்டி மாதிரித் தெரிகின்றன.

சாப்பிட்டு முடித்து மர நிழலில் ஆளுக்கு ஒரு கதை சொன்னீர்கள். எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. மீதி நேரம் கூட்டாஞ்சோற்று அண்டா பக்கமே நின்றுவிட்டேன். அதனால் அங்கே சொன்னதை, பெயருக்குப் பதில் வண்டியையும் ஊரையும் போட்டு, இங்கே எழுதிவிடுங்கள். எந்த மாடல், எவ்வளவு செலவு, பெயிண்ட் எங்கே அடித்தது என்ற பெருமையெல்லாம் வேண்டாம். வண்டியால் யாரைப் பார்த்தீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள், அது போதும். நானே ஆரம்பிக்கிறேன்.

வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் பாளையில் ஏதாவது ஒரு பள்ளிக்கோ விடுதிக்கோ அரிசி, போர்வை, கேக் என்று கொண்டுபோய்க் கொடுப்போம். இந்தத் தடவை பார்வையற்ற பிள்ளைகள் படிக்கிற பள்ளி ஒன்றில் கேட்டபோது, அங்கிருந்த ஆசிரியை, "அரிசி இருக்கு சார். உங்க காருகளப் பிள்ளைங்க தொட்டுப் பார்க்க விடுவீங்களா?" என்றார். அரைப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் 6 வண்டிகளைக் கொண்டுபோய் மைதானத்தில் நிறுத்தினோம். எஞ்சின் ஆறட்டும் என்று முக்கால் மணி நேரம் காத்திருந்தோம்.

என் வண்டிக்கு வந்த பையனுக்கு 12 வயது இருக்கும். முதலில் பானெட்டைச் சுற்றிக் கையை ஓட்டினான். அப்புறம் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, காலால் துழாவிக் கிளச்சுக்கு இடது பக்கம் தரையில் இருக்கிற பொத்தானைக் கண்டுபிடித்துவிட்டான். அம்பாசிடரில் லைட்டை டிம் அடிப்பது காலால்தானே. "லைட்டுக்குக் காலா?" என்று சிரித்தான். ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் "இப்ப டிம்மா, பிரைட்டா?" என்று கேட்டான். நானும் முன்னால் போய் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன். பத்துத் தடவைக்கு மேல் ஆனபிறகு கேட்பதை நிறுத்திவிட்டு, "இப்ப டிம்மு" என்று அவனே சொன்னான். சரியாக இருந்தது. எண்ணிக்கொண்டே வந்திருக்கிறான்.

இதுவல்ல விஷயம். இறங்கியதும் மட்கார்டை விரலால் தட்ட ஆரம்பித்தான். வலது பக்கம் முழுக்க டங், டங், டங். இடது பக்கம் வந்து, ஹெட்லைட்டுக்குக் கொஞ்சம் பின்னால், தொத். அங்கேயே நின்றான். மறுபடி தட்டினான். தொத். "அங்கிள், இங்க ஏதோ பூசியிருக்கு" என்றான்.

9 வருஷமாக அந்த மட்கார்டைத் துணி போட்டுத் துடைக்கிறேன். விற்றவர், "ஒரு கீறல்கூட விழாத வண்டி அண்ணாச்சி" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிக் கொடுத்தது. மறுநாள் டிங்கர் பட்டறையில் காந்தத்தை வைத்துப் பார்த்தோம். உள்ளங்கை அகலத்துக்குக் காந்தம் ஒட்டவே இல்லை. அத்தனையும் பள்ளத்தை நிரப்பப் பூசுகிற பட்டி. டிங்கர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

பத்மினி, சிந்துபூந்துறை

அண்ணாச்சி, உங்கள் மட்கார்டு கதையைத் தோப்பிலேயே கேட்டுச் சிரித்தாச்சு. என் கதை கொஞ்சம் நீளம்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் தேதி. அன்றைக்கும் நமக்குச் சந்திப்பு வைத்திருந்தோம், ஞாபகம் இருக்கும். காலை 6 மணிக்கே மழையைப் பார்த்து ரத்து என்று சொல்லிவிட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை அது. ஆற்றங்கரையில் குடியிருக்கிற எங்களுக்கு மழையைவிட ஆறுதான் பயம். ராத்திரி தண்ணீர் தெருவுக்குள் வந்தது. விடிகிறபோது பத்மினியின் கூரை மட்டும் வெளியே தெரிந்தது. நாங்கள் மாடியில் இருந்தோம்.

தண்ணீர் வடிந்ததும் எதிர்வீட்டுத் தம்பி தன் புதுக் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினான். உள்ளே ஏதோ முறிகிற சத்தம். காற்று போகிற வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய் நின்றிருக்கிறது. பிஸ்டன் மேலே வந்து அதை நசுக்கப் பார்த்தால் தண்ணீர் நசுங்குமா? கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. எஞ்சினுக்கென்று தனியாக பாலிசி எடுத்திருந்தால்தான் பணம் வருமாம், அவன் எடுக்கவில்லை.

நானும் சாவியோடுதான் நின்றுகொண்டிருந்தேன். அப்போது ஒரு பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சேற்றில் வந்தார். ஒரு காலத்தில் ஜங்ஷன் பக்கம் பட்டறை வைத்திருந்தவர் என்று அப்புறம்தான் தெரிந்தது. "தம்பி, சாவியத் தொட்டுராதிய" என்றார். நாலு பிளக்கையும் கழற்றச் சொன்னார். என்னிடம் இருந்த பிளக் ஸ்பானரை வாங்கி அவரே கழற்றினார். டாப் கியரில் போட்டு, பின்னால் நின்று மெல்லத் தள்ளச் சொன்னார். பிளக் ஓட்டையிலிருந்து பீய்ச்சி அடித்தது பாருங்கள், எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என் மூஞ்சியில். ஆயிலைத் திறந்துவிட்டால் டீக்கடை டீயேதான், நுரையோடு. மூன்று தடவை ஆயில் மாற்றி, பெட்ரோல் டேங்கைக் கழுவி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை அடுப்புப் பக்கத்தில் வைத்துக் காயவைத்து, நாலாம் நாள் வண்டி கிளம்பியது. பழைய வண்டியில் கெட்டுப்போக கம்ப்யூட்டர் எதுவும் இல்லை, அதுதான் காரணம். சீட்டு நாற்றம் போகத்தான் சித்திரை வரை ஆனது.

கூலி கேட்டபோது 300 ரூபாய் என்றார். நான் அரிசியும் தருகிறேன் என்றேன், அவர் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருந்தது. அதற்கு அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "அரிசிய எவனாவது கொண்டாந்து தந்துருவான் தம்பி. ஸ்பானர் செட்டு பூராவும் ஆத்தோட போச்சு. அத எவன் தருவான்?"

அந்த வாரம் முழுக்க லாரி லாரியாக அரிசியும் போர்வையும் பழைய துணியும் வந்து இறங்கின. நம் கிளப்பும் அதையேதான் கொடுத்தது. ஸ்பானர் யாரும் கொடுக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் நான் இதைச் சொன்னபிறகுதான் பட்டறைக்காரர்களுக்குச் சாமான் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தோம். புதிதாகச் சேர்ந்தவர்கள், "கார் கிளப்புக்கு எதுக்கு ஸ்பானர் வசூல்?" என்று கேட்கிறீர்களே, அதற்காகத்தான் இவ்வளவு எழுதினேன்.

மாருதி 800, வள்ளியூர்

கதை எதுவும் இல்லை. ஒரு குறை மட்டும். காலை 7 மணி என்றால் 7 மணி. நான் வள்ளியூரிலிருந்து இருட்டில் கிளம்பி 6.50-க்கு வந்து நின்றேன். பாளையிலிருந்து வருகிற ஆட்கள் 8.20-க்கு வருகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரன்தான் பந்திக்கு லேட்டு என்பது சரியாகத்தான் இருக்கிறது. மற்றபடி தூத்துக்குடி அக்கா கொண்டுவந்த முந்திரிக்கொத்து அருமை. எனக்கு இரண்டுதான் கிடைத்தது.

ஹெரால்டு, தூத்துக்குடி

தம்பிக்கு அடுத்த தடவை தனியாக ஒரு டப்பா கொண்டுவருகிறேன்.

அப்பா வைத்திருந்த 1968 மாடல் ஹெரால்டு. மெட்ராஸுக்குப் பக்கத்தில் வண்டலூரில் செய்தது, அதனால் எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே 'நம்மூர் வண்டி'. போன மே மாதம் செய்துங்கநல்லூர் தாண்டி, மத்தியானம் ஒரு மணி வெயிலில் நின்றுவிட்டது. எல்லோருக்கும் தெரிந்த வியாதிதான். சூட்டில் பெட்ரோல் பம்புக்குள்ளேயே ஆவியாகி, கார்புரேட்டருக்குப் போகாது. ஈரத்துணியைப் பம்பின்மேல் போட்டுக் கால் மணி நேரம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். துணியும் இல்லை, தண்ணீரும் இல்லை.

பானெட்டைத் திறந்தேன். ஹெரால்டில் பானெட் திறப்பது என்றால் வண்டியின் மூக்கே மொத்தமாக முன்னால் சாயும். அதைப் பார்த்ததும் எதிரே பனையோரம் நுங்கும் பதநீரும் விற்றுக்கொண்டிருந்த ஆச்சி எழுந்து வந்துவிட்டாள். "ஏளா, காரு ரெண்டாப் பொளந்துட்டா?" என்றாள். நான் விளக்கம் சொன்னேன். தலையில் வைத்திருந்த சும்மாட்டுத் துணியை உதறி, குடத்துத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து என் கையில் தந்தாள். பம்பில் சுற்றினேன். உஸ்ஸென்று ஒரு சத்தம். ஆச்சி ஓலைப் பட்டையில் பதநீரை ஊற்றி நீட்டி, "அது அதக் குடிக்கட்டும். நீ இதக் குடி" என்றாள்.

இதோடு கதையை முடித்தால் அழகாக இருக்கும். ஆனால் ஐந்து நிமிஷத்தில் ஆச்சிக்குப் பொறுமை போய்விட்டது. "துணியக் கொண்டா, கூடையத் தூக்கிட்டு நான் வீட்டுக்குப் போவண்டாமா?" என்றாள். பம்பு இன்னும் ஆறவில்லை. நான் என் துப்பட்டாவை நனைத்துச் சுற்றிவிட்டு அவள் துணியைக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்து, "பெட்ரோலு நாறுது" என்று திட்டினாள். பதநீருக்கும் நுங்குக்கும் 80 ரூபாய், துணி நாறியதற்கு 20 ரூபாய் என்று கணக்காக 100 வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நிறுத்துகிறேன். வண்டியைப் பார்த்ததுமே துணியை மடியில் ஒளித்துக்கொள்கிறாள்.

இன்னொன்று. 50 வருஷம் தாண்டிய வண்டியை 2021-இல் வந்த விதிப்படி விண்டேஜ் என்று பதிவு செய்து, விஏ நம்பர் பிளேட் வாங்கச் சொல்லி நிறையப் பேர் யோசனை சொல்கிறீர்கள். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் என்பதுகூடப் பரவாயில்லை. அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க, இதற்கெல்லாம்தான் வெளியே எடுக்கலாம். நுங்கு குடிக்கப் போகிறேன் என்றால் எந்தக் கணக்கில் சேர்ப்பது? எனக்கு 5 வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிக்கிற பாடே போதும்.

அம்பாசிடர், பாளையங்கோட்டை

தங்கச்சி, அந்த ஆச்சிக்கு நம் கிளப் சார்பில் ஒரு புதுத் துண்டு வாங்கிக் கொடுத்துவிடுவோம். வள்ளியூர்க்காரரிடம் மன்னிப்பு. 8.20 இல்லை, 8.10.

சரி, வரப்போகிற வேலைகளையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்பானர் வசூல் பொங்கல் வரை நடக்கும். ரிங் ஸ்பானர், டி ஸ்பானர், பிளக் ஸ்பானர், இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ், நல்ல ஜாக்கி, இவைதான் தேவை. வீட்டில் வேண்டாததையெல்லாம் தள்ளிவிடுகிற இடமாக இதை நினைக்காதீர்கள். போன வருஷம் ஒருவர் மரை போன ஜாக்கியைப் பளபளவென்று பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்தார். அதை நம்பி ஒருவன் வண்டிக்கு அடியில் படுப்பான் என்ற நினைப்பு வேண்டாமா?

காணும் பொங்கல் அன்று பாபநாசம். மேலப்பாளையம், பத்தமடை, சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வழி. படித்துறை வரைக்கும்தான். சோதனைச் சாவடி தாண்டி மலையேற வேண்டாம், அன்றைக்குக் கூட்டம் நெரியும், ஏற்றத்தில் நின்று நின்று போனால் ரேடியேட்டர் கொதிக்கும். பனங்கிழங்கு அவித்துக் கொண்டுவருவது தூத்துக்குடிக் கோஷ்டியின் பொறுப்பு.

பிப்ரவரியில் கூந்தன்குளம். வரித்தலை வாத்து வந்திருக்கிற சமயம். அந்த ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிகூடப் போடாதவர்கள். அதனால் ஊருக்குள் ஹாரன் கிடையாது, சைலன்சர் ஓட்டையான வண்டி நாங்குநேரியிலேயே நிற்கும். யாரைச் சொல்கிறேன் என்று அவருக்கே தெரியும். ஊர் எல்லையிலிருந்து நடந்து போகலாம்.

அதற்கு முன்னால் எல்லோரும் பெட்ரோல் ஹோஸைப் பாருங்கள். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். நம் காலத்து ரப்பருக்கு அது ஆகாது. ஹோஸ் ஊறி உப்பும், பம்பு டயாபிரம் போகும். எத்தனாலுக்குத் தாங்குகிற ஹோஸ் மாற்றிவிடுங்கள், மாதக் கணக்கில் டேங்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள். சந்திப்பன்று இரண்டு வண்டி நின்றதற்குக் காரணம் இதுதான்.

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. ஜனவரியில் மறுபடி வரச் சொல்கிறார்கள். அந்தப் பையன், ரெண்டாகப் பிளக்கிற கார் எப்போது வரும் என்று கேட்கிறானாம். யாரோ சொல்லியிருக்கிறார்கள். தங்கச்சி, ஹெரால்டைக் கொண்டுவர முடியுமா? நான் மட்கார்டில் இருக்கிற பட்டியை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுத் தகரம் வெட்டி வைத்துத் தரச் சொல்லி வண்டியைப் பட்டறையில் விட்டிருக்கிறேன். டிங்கர் 10 நாள் கேட்கிறார். அவன் தட்டிப் பார்ப்பதற்குள் தயாராக வேண்டும்.