பெர்லினில் முகவரிப் பதிவு: உதவி வேண்டும்

அண்ணன்கள், அக்காக்கள் எல்லாருக்கும் வணக்கம். முதுகலை படிக்க பெர்லின் வந்து மூன்று வாரம் ஆகிறது. நொய்கோல்ன் பகுதியில் உள்வாடகைக்கு ஓர் அறையில் இருக்கிறேன். வாடகையும் முன்பணமும் வாங்கிக்கொண்டவர், முகவரிப் பதிவுக்காக நான் அங்கே குடியிருப்பதை உறுதிசெய்யும் படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போட மறுக்கிறார்.

குடியேறிய 2 வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது இங்கே சட்டம். நாள் கடந்துவிட்டது. நான் போன வங்கியிலும் 'அன்மெல்டுங்' எனும் அந்த முகவரிப் பதிவுத் தாளைத்தான் கேட்டார்கள். அப்பா கடன் வாங்கிப் போட்ட 11,904 யூரோ, விசாவுக்காகச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுவைக்கும் முடக்கக் கணக்கில் இருக்கிறது; மாதம் 992 எடுக்கலாம். ஆனால் இங்கே வங்கிக் கணக்கு இல்லாததால் ஒரு சென்ட்கூடக் கைக்கு வரவில்லை. கொண்டுவந்த பணம் மாதக் கடைசி வரைதான் தாங்கும். அம்மாவிடம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வீடு தருபவர் அந்தப் படிவத்தைக் கொடுத்தே ஆக வேண்டும், மறுத்தால் 1,000 யூரோ வரை அபராதம் என்று படித்தேன். அதைச் சொன்னால் அறையைக் காலி செய்யச் சொல்வாரோ என்று பயமாக இருக்கிறது. இதே நிலையில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள்? படிவம் இல்லாமலே அலுவலகத்தில் போய் நிலைமையைச் சொன்னால் கேட்பார்களா?

அப்புறம், பதிவுக்குச் சம்மதிக்கும் அறை தெரிந்தால் சொல்லுங்கள். 500 யூரோ வரை கொடுக்க முடியும். ஸ்பாண்டாவ், மார்த்சான் என்றாலும் சரி. மாணவர் பயணச்சீட்டு இருப்பதால் தூரம் பிரச்சினை இல்லை. காசுக்கு வெறும் முகவரி மட்டும் தருவது சட்டவிரோதம், அது வேண்டாம். நான் உண்மையிலேயே தங்கப்போகும் இடம்தான் வேண்டும்.