வேலூரிலிருந்து பெருங்களத்தூர்: மதுரவாயலில் எப்படித் திரும்புவது? உதவுங்கள்

காட்பாடிக்காரி:
வணக்கம். நான்கு வருடமாகக் கார் ஓட்டுகிறேன். வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பின் நெரிசலோ ஆம்பூர் வரை நெடுஞ்சாலையோ எனக்குப் பயமில்லை. சென்னையைச் சுற்றிப் போகும் சாலைதான் குழப்புகிறது. என் தம்பி வீடு பெருங்களத்தூரில். போன மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு முதல்முறையாக நானே ஓட்டிப் போனேன். மதுரவாயலில் தாம்பரம் பைபாஸில் ஏற வேண்டும். தாம்பரம் வலது கைப்பக்கம்தானே என்று முன்கூட்டியே வலது ஓரத்துக்கு வந்துவிட்டேன். அங்கே வலது பக்கம் திரும்ப வழியே இல்லை. பாலத்தைத் தாண்டும்போதுதான் இடது பக்கம் ஒரு சாலை வளைந்து போவதைப் பார்த்தேன். பதறிப்போய் பிரேக் போட்டு ரிவர்ஸ் எடுத்தேன். பின்னால் வந்த தண்ணீர் லாரி மயிரிழையில் விலகிப் போனது. அம்மா அன்று சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

வரும் சனிக்கிழமை தம்பி குழந்தைக்குக் காதுகுத்து, மறுபடி போக வேண்டும். அதே மதுரவாயலா, இல்லை நசரத்பேட்டையில் அவுட்டர் ரிங் ரோட்டைப் பிடித்து வண்டலூர் போய் வருவதா?

ராணிப்பேட்டை லாரிக்காரர்:
தங்கச்சி, முதலில் ஒன்று. இனி எந்தக் காரணத்துக்கும் அந்தச் சாலையில் ரிவர்ஸ் எடுக்காதீர்கள். லோடு ஏற்றிய லாரி நினைத்த இடத்தில் நிற்காது. இருபது வருடமாக ஓட்டுகிறவன் சொல்கிறேன், அன்று நீங்கள் தப்பியது பெரிய விஷயம்.

இப்போது திருப்பத்துக்கு வருவோம். மதுரவாயலில் இருப்பது நான்கு இதழ் போட்ட பூ மாதிரியான மேம்பாலம். அதில் வலது பக்கம் போக வேண்டியவரும் இடது பக்கம்தான் இறங்க வேண்டும். பூந்தமல்லி பக்கமிருந்து வரும்போது பைபாஸ் உங்கள் தலைக்கு மேலே குறுக்கே போகும். அந்தப் பாலத்துக்கு முன்னால் இடதில் பிரிவது அம்பத்தூர், புழல் பக்கம். அதில் ஏறாதீர்கள். பாலத்தின் அடியில் கடந்ததும் இடதில் ஒரு வளைவு வரும், அதுதான் உங்களுடையது. அது வட்டமாகச் சுற்றி உங்களைத் தாம்பரம் பார்த்து விடும். வானகரம் தாண்டியதுமே இடது ஓரத்துக்கு வந்துவிடுங்கள், ஆனால் பாலம் வரும்வரை திரும்ப வேண்டாம்.

அதையும் விட்டுவிட்டால்? நேராகப் போங்கள். கோயம்பேடு பக்கம் போய்த் திரும்பி வந்தால் தாம்பரம் உங்களுக்கு இடது கையில் இருக்கும். பாலத்துக்கு முன்னாலேயே சாதாரண இடது திருப்பம், வளைவே கிடையாது. கொஞ்சம் டீசல் போகும், அவ்வளவுதான்.

வாலாஜா தம்பி:
அக்கா, நான் வாராவாரம் ஊருக்கு வந்து போகிறவன். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் போகிற அவுட்டர் ரிங் ரோடு ஓட்டுவதற்குச் சுகமானது, ஆறு வழி. ஆனால் வண்டலூரில் இறங்கி ஜிஎஸ்டி சாலையில் பெருங்களத்தூர் வரை திரும்பி வர வேண்டும். ஞாயிறு மாலை, பண்டிகை விடுமுறை முடிகிற நாள் என்றால் தென்மாவட்டத்து வண்டி எல்லாம் அதே பக்கம்தான் வரும். அன்றைக்கு அந்தச் சிறு தூரமே உங்களைக் களைக்க வைத்துவிடும். சனிக்கிழமை காலை என்றால் பரவாயில்லை.

பைபாஸ் அப்படியில்லை, மதுரவாயலிலிருந்து சுமார் 19 கிலோமீட்டர், நேரே பெருங்களத்தூரிலேயே கொண்டுபோய் விடும். உங்களுக்கு அதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை: வருடாந்திர ஃபாஸ்டேக் பாஸ் வாங்கியிருந்தால், அது தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்டில்தான் செல்லும். அவுட்டர் ரிங் ரோடு மாநில அரசுடையது, அங்கே தனியாகப் பணம் போகும். ஃபாஸ்டேக்கில் இருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆற்காட்டு ஆசிரியை:
நானும் இதே பயத்தோடு ஓட்டியவள், அதனால் எழுதுகிறேன். எனக்கு வழியைவிட, வளைவிலிருந்து பைபாஸில் சேரும் அந்த இடம்தான் கஷ்டமாக இருந்தது. பெரிய சாலையைப் பார்த்ததும் கால் தானாக பிரேக்குக்குப் போகும். அங்கே நின்றுவிட்டால் மறுபடி வேகம் எடுக்க இடமிருக்காது. வளைவில் மெதுவாகப் போங்கள். சாலை நேரானதும் வலது இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியிலும் தோளுக்குப் பின்னாலும் ஒருமுறை பார்த்து, ஓடுகிற வண்டிகளின் வேகத்துக்கு வந்த பிறகு சேருங்கள். முதல் இரண்டு நிமிடம் இடது வழியிலேயே போனால் மூச்சு சீராகிவிடும். ஓரத்தில் லாரி நிறுத்தியிருப்பார்கள், அதைத் தூரத்திலேயே கவனியுங்கள்.

அம்மாவிடம் வழி கேட்கச் சொல்லாதீர்கள். போனில் குரல் வழிகாட்டியைப் போட்டுவிட்டு, அவர்களைப் பின் சீட்டில் நிம்மதியாக உட்காரவையுங்கள்.

ராணிப்பேட்டை லாரிக்காரர்:
டீச்சரம்மா சொன்னது சரி. இன்னொன்று, நேரம். காலை நான்கரைக்குக் காட்பாடியில் கிளம்புங்கள். விடிந்துவிட்டால் சுங்குவார்சத்திரத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டை வரை கம்பெனி பஸ்கள் வரிசை கட்டும். ரோடு வேலை நடக்கிற இடத்தில் சட்டென்று சர்வீஸ் ரோட்டுக்குத் திருப்பிவிடுவார்கள், அங்கே வேகம் வேண்டாம். வழியில் வண்டி மக்கர் செய்தால் ஓரமாக நிறுத்தி, ஹசார்ட் விளக்கைப் போட்டு, நெடுஞ்சாலை உதவி எண் 1033க்குக் கூப்பிடுங்கள்.

காட்பாடிக்காரி:
அண்ணா, தம்பி, டீச்சர், மூவருக்கும் நன்றி. சனிக்கிழமை போய் வந்துவிட்டேன். நான்கே முக்காலுக்குக் கிளம்பினோம். வானகரம் தாண்டியதும் இடது ஓரம். பாலத்துக்கு முன்னால் வந்த திருப்பத்தில் கை தானாகத் திரும்பப் பார்த்தது, "இது புழல், இது புழல்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கடந்தேன். அடுத்த வளைவில் ஏறி பைபாஸில் சேர்ந்தபோது பின்னால் ஒரு ஹாரன்கூட இல்லை. அம்மா போரூர் ஏரியைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

திரும்பும்போது பெருங்களத்தூரிலிருந்து வந்தால் வேலூர் பக்கம் இடது கையில் வருகிறது, பாலத்துக்கு முன்னாலேயே இறங்கிவிடலாம். அண்ணா சொன்ன கணக்கை வைத்து அதை நானே யோசித்துக் கண்டுபிடித்தேன். தை மாதம் மறுபடி போகிறோம், இந்த முறை அம்மாவே கேட்டார்கள்.